அட்டை ராசி

ரோஹிங்கியா மக்களுக்கும் அடையாள அட்டைக்கும் என்றைக்குமே ராசி கிடையாது.

பர்மா சுதந்திரம் பெற்ற புதிதில் மற்றவர்களைப் போலவே அவர்களிலும் பலரிடம் தேசியப் பதிவு அட்டை இருந்தது. 1982-ல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1989-ல், பழைய அட்டையைக் கொடுத்துவிட்டுப் புது அட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னது ராணுவ அரசு. நம்பிக் கொடுத்தவர்களுக்குப் பழசும் போச்சு, புதுசும் வரவில்லை. 1995-ல் தற்காலிகமாக ஒரு வெள்ளை அட்டை. அதைக் காட்டி 2010 தேர்தலில் ஓட்டுகூடப் போட்டார்கள். 2015-ல் அதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, யாராவது அட்டை தருகிறேன் என்று வந்தாலே அடிவயிறு கலங்குகிற ஜனங்கள்.

2017 ஆகஸ்டில் ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியது. 7 லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். இத்தனை பேருக்கு அரிசி கொடுப்பதென்றால் சும்மாவா? குடும்பத்தில் எத்தனை தலை, யார் வாங்கியாச்சு, யார் வாங்கவில்லை? நோட்டில் எழுதி மாளாது. 2018 ஜூனில் வங்கதேச அரசும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் சேர்ந்து கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆரம்பித்தன. போட்டோ, கைரேகை, கருவிழி. முடிந்ததும் கையில் ஒரு ஸ்மார்ட் கார்டு.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு இல்லாமல் தர்மம்கூடச் செய்ய முடியாது என்பது புரிகிறது. ஆனால் கணக்குப் புத்தகம் கடைசியில் யார் கைக்குப் போகிறது?

அகதிகளும் அதைத்தான் கேட்டார்கள். அட்டையில் 'ரோஹிங்கியா' என்ற வார்த்தையே இல்லை. விவரமெல்லாம் மியான்மருக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு. 2018 நவம்பரில் முகாம்களில் வேலைநிறுத்தமே நடந்தது.

பயந்தது வீண்போகவில்லை. குறைந்தது 8 லட்சத்து 30 ஆயிரம் பேரின் விவரங்களை வங்கதேசம் மியான்மரிடம் கொடுத்திருக்கிறது என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்டது. யாரையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சரிபார்க்கவாம். சுமார் 42 ஆயிரம் பேர் வரலாம் என்றது மியான்மர். அப்படித் தேறியவர்களில் சிலரை அந்த அமைப்பு தேடிப்பிடித்துப் பேசியது. அவர்கள் சந்தோஷப்படவில்லை. பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வேறு முகாம்களில் ஒளிந்திருந்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றியது, அவர்களுடைய வீட்டைக் கொளுத்திய அதே ராணுவம்தான்.

சம்மதம் கேட்டோம், மறுத்தாலும் கார்டு உண்டு என்று விளக்கினோம் என்றது ஐ.நா. அமைப்பு. கொடுத்த ரசீதில் சம்மதத்துக்கு ஒரு கட்டமும் இருந்தது. ரசீது ஆங்கிலத்தில். பதிவு பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் விசாரித்த 24 அகதிகளில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மியான்மர் பேச்சே பதிவின்போது வரவில்லை என்றார்கள் அந்த 24 பேரில் ஏறக்குறைய எல்லோரும்.

அரிசிக்கு வரிசையில் நிற்கிறவன் எந்த மெஷினில் வேண்டுமானாலும் விரல் வைப்பான். அதற்குப் பெயர் சம்மதம் என்றால், கந்துவட்டிக்காரன் நீட்டும் வெற்றுப் பத்திரத்தில் வைக்கிற கையெழுத்துக்கும் அதுதானே பெயர்?