மனச்சிதைவு

‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற பெயரை 1908-இல் வைத்தவர் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். கிரேக்கத்தில் ‘ஸ்கிசெய்ன்’ என்றால் பிளத்தல், ‘ஃப்ரென்’ மனம். எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் குறித்தார். ஒரே உடம்பில் பல ஆள் என்பது ‘அந்நியன்’ படத்துச் சங்கதி. அது வேறு நோய். ஸ்கிசோஃப்ரினியாவுக்குத் தமிழில் மனச்சிதைவு என்று பெயர். சிதைந்தது மீண்டும் ஒன்றுசேராது என்று தொனிப்பதால் எனக்கு இந்தச் சொல் உறுத்தும். ஜப்பானியர்கள் 2002-இல் தங்கள் மொழியில் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். இந்த நோய் வந்தால், இல்லாத குரல் காதில் விழும், சந்தேகம் வலுக்கும், பேச்சு குறையும். மூளையின் டோபமைனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளால் பலருக்குத் தணியும்; இஷ்டத்துக்கு நிறுத்தினால் திரும்பக்கூடும். தாயத்து கட்டுமுன், கோலார் தங்கவயல்காரர்கள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறலாம்: பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.