மறுதரப்புக்கும் ஒலிவாங்கி: அமெரிக்காவின் நியாயக் கோட்பாடு

அமெரிக்காவில் செய்தித்தாள் தொடங்க உரிமம் வாங்க வேண்டியதில்லை. வானொலி அப்படியல்ல, ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் குரலும் கேட்காது. அலைவரிசையைப் பங்கிட்டுத் தர 1927-இல் ஓர் ஆணையம் அமைந்தது. 1934-இல் அந்தப் பொறுப்பு கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு வந்தது. நிலையங்கள் சொந்தக் கருத்துக்கு வாதாடக் கூடாது என்று அது 1941-இல் சொன்னது. 1949-இல் அந்தத் தடையைத் தளர்த்தி, பொதுப் பிரச்சினைகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும், மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று விதித்தது. இதுவே நியாயக் கோட்பாடு.

அதன் பலமும் ஆபத்தும் ஒரே வழக்கில் வெளிப்பட்டன. 1964 நவம்பரில், பென்சில்வேனியாவின் ரெட் லயன் என்ற சிற்றூர் நிலையம் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற மதபோதகரின் கால் மணி நேர உரையை ஒலிபரப்பியது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த பேரி கோல்ட்வாட்டரை எதிர்த்துப் புத்தகம் எழுதிய ஃபிரெட் குக்கை அவர் அதில் பெயர் சொல்லித் தாக்கினார். பதில் சொல்ல குக் இலவச நேரம் கேட்டார். நிலையம் கட்டணப் பட்டியலை அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலையத்தாரின் உரிமையைவிடக் கேட்பவர்களின் உரிமையே பெரிது என்று 1969-இல் நீதிபதி பைரன் ஒயிட் எழுதினார். தீர்ப்பில் பங்கேற்ற நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலாக நின்றனர். காசில்லாதவனுக்கும் மறுமொழி உண்டு என்ற அந்தத் தீர்ப்பு மதிக்கத்தக்கது. ஆனால் குக்கின் பின்னால் ஜனநாயகக் கட்சியின் உதவி இருந்ததை, 1970-களின் நடுவில் ஃபிரெட் ஃபிரெண்ட்லி என்ற ஒளிபரப்பாளர் வெளிக்கொண்டு வந்தார். எதிர்க்கருத்தைச் சொல்லும் சிறு நிலையங்களை மிரட்டவும் இந்த விதி பயன்பட்டது என்பது அவர் காட்டிய கசப்பான உண்மை.

நன்மையும் விளைந்தது. சிகரெட் விளம்பரம் போட்டால் புகையின் கேட்டையும் சொல்ல வேண்டும் என்று 1967-இல் ஆணையம் இதே கோட்பாட்டை வைத்துத்தான் உத்தரவிட்டது. 1971 ஜனவரியில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து சிகரெட் விளம்பரமே சட்டப்படி விலக்கப்பட்டது.

1974-இல் இதே போன்ற மறுமொழி உரிமையைச் செய்தித்தாள்கள் மீது சுமத்திய ஃபுளோரிடா சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதது என்றது. அச்சுக்கு ஒரு நியாயம், அலைக்கு ஒரு நியாயமா என்ற கேள்வி வலுத்தது. வம்பு எதற்கு என்று நிலையங்கள் சர்ச்சையான பொருளையே தவிர்க்கின்றன என்று 1985-இல் ஆணையமே அறிக்கை தந்தது. கோட்பாட்டைச் சட்டமாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 1987 ஜூனில் அதிபர் ரேகன் நிராகரித்தார். ஆகஸ்டில் ஆணையம் கோட்பாட்டையே கைவிட்டது. அடுத்த ஆண்டே வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பாவின் ஒருசார்பு அரசியல் பேச்சு நாடு முழுவதும் ஒலித்தது.

விதிநூலில் எஞ்சியிருந்த வரிகள் 2011-இல் நீக்கப்பட்டன. தேர்தல் வேட்பாளர்களுக்குச் சம வாய்ப்புத் தரும் தனிச் சட்டப்பிரிவு மட்டும் நீடிக்கிறது.