காயத்துக்குச் சாட்சி

புதுவைக் கடற்கரைக்குப் போகிறவர்கள் காந்தி சிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதே கூபேர் அவென்யூவில், சற்றுத் தள்ளித் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் இன்னொரு சிலையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. உயர்ந்த தூண்களுக்கு நடுவில் ஒரு சிப்பாய் நிற்கிறான். தலை கவிழ்ந்திருக்கிறது, துப்பாக்கி தலைகீழாக ஊன்றியிருக்கிறது. முதல் உலக மகாயுத்தத்தில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பி, 1938-ல் திறந்துவைத்த நினைவுச் சின்னம் அது.

ஜூலை 14-ம் தேதி வந்தால் இந்த இடம் களைகட்டும். மூவர்ணக் கொடி பறக்கும். பிரெஞ்சு தேசிய கீதம் ஒலிக்கும். சட்டைமீது பதக்கங்களை வரிசையாகக் குத்திக்கொண்டு, முதுமையிலும் முதுகு வளையாமல் சில பெரியவர்கள் நிற்பார்கள். புதுவை மக்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'சொல்தா'. சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழ் வாயில் புகுந்து புரண்டு இப்படி ஆயிற்று. சொல்தா வீடு என்றால் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. பென்ஷன் வரும் வீடு அல்லவா?

அந்தப் பதக்கங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. போர்க்களத்தில் குண்டு பட்டவுடனே ஒருவன் சர்க்காரின் கண்ணில் காயம்பட்டவன் ஆகிவிடுவதில்லை. அந்தக் காயம் ஒரு காகிதத்தில் ஏறவேண்டும். ஏறாவிட்டால், தழும்பு உடம்பிலே இருக்கும்; காயம் மட்டும் இராது!

பிரெஞ்சுப் படையில் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு சேவைக் குறிப்பு உண்டு. எந்தப் படைப்பிரிவுகளில் இருந்தான், எந்தப் போர்களுக்குப் போனான், என்ன காயம் பட்டான், என்ன பாராட்டுப் பெற்றான், என்ன பதக்கம் வாங்கினான் என்பதற்கெல்லாம் தனித்தனி இடம் அதில் இருக்கும். 1852-ல் ஏற்பட்ட இராணுவப் பதக்கம், 1915 ஏப்ரலில் ஏற்பட்ட போர்ச் சிலுவை, 1916 டிசம்பரில் சட்டமான காயமுற்றோர் சின்னம் எல்லாம் இந்தக் குறிப்பின் வழியாகத்தான் மார்புக்கு வந்து சேரும். போர்ச் சிலுவைக்கு, படை உத்தரவில் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்க வேண்டும். பாராட்டியது ரெஜிமெண்டு என்றால் வெண்கல நட்சத்திரம். டிவிஷன் என்றால் வெள்ளி நட்சத்திரம். முழுச் சேனையே என்றால் வெண்கல ஓலை. பாராட்டிய தாள் தொலைந்தால் நட்சத்திரமும் கேள்விக்குரியதாகிவிடும்.

தாள் எப்படித் தொலையும் என்று கேட்கலாம். வியட்நாமில் தியன் பியன் பூ என்ற பள்ளத்தாக்குக் கோட்டை 1954 மே 7-ம் தேதி விழுந்தது. ஏறக்குறைய 10,000 பேர் சிறைப்பட்டார்கள். அவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் பாதிக்கும் குறைவு. அப்படிப்பட்ட இடத்திலே எந்த டாக்டர் எந்தச் சீட்டில் யாருடைய காயத்தை எழுதினார், அந்தச் சீட்டு எந்தச் சேற்றில் போயிற்று என்பதை யார் சொல்ல முடியும்? இருபது ஆண்டு கழித்து, "எனக்குத் தோளில் குண்டு பட்டது" என்று ஒருவர் மனுப்போட்டால், "அத்தாட்சி எங்கே?" என்றுதான் காரியாலயம் கேட்கும். உடன் இருந்தவர்களைச் சாட்சிக்கு அழைக்கலாம். அவர்கள் உயிரோடு இருந்தால்!

இந்தத் தொல்லையைப் பிரெஞ்சுக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். முதல் மகாயுத்தம் முடிந்த கையோடு, 1919 மார்ச் 31-ம் தேதி, ஓர் அருமையான சட்டம் செய்தார்கள். போரில் ஊனமுற்றவனுக்குக் கொடுக்கும் தொகை தர்மம் அன்று, அவனுக்குத் தேசம் பட்ட கடன் என்பது அதன் அடிப்படை. இன்னொன்றும் அதில் இருந்தது. குறித்த கால எல்லைக்குள் காயத்தையோ நோயையோ பதிவு செய்துவிட்டால், அது சேவையில் வந்தது என்றே கொள்ளவேண்டும். இல்லை என்றால் அதைச் சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும். எந்த உறுப்பு போனால் நூற்றுக்கு எவ்வளவு ஊனம் என்று ஓர் அட்டவணையும் போட்டார்கள். காயத்தால் வந்த ஊனம் நூற்றுக்குப் பத்தாவது இருந்தால் பென்ஷன் உண்டு.

மனிதாபிமானமுள்ள சட்டம்தான். ஆனால் எல்லைக்குள் பதிவு செய்யாதவன் கதி? அவனிடம் வரும்போது தராசு திரும்பிவிடும். நிரூபிக்க வேண்டியவன் அவனே. பாரிசில் பிறந்து வளர்ந்தவனுக்கு விண்ணப்பம் எழுத ஒரு வக்கீலோ பழைய போர்வீரர் சங்கமோ அருகில் இருக்கும். முத்தியால்பேட்டையிலோ காரைக்காலிலோ இருக்கும் சொல்தாவுக்கு ஏழு கடலுக்கு அப்பால் கடிதம் போகவேண்டும். அவனுடைய சேவைத் தாள்களைத் தேட வேண்டிய இடம் பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள போ என்ற ஊர். அயல்மண்ணில் பிறந்த பிரெஞ்சுக் குடிகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கவனிக்க 1965-ல் ஏற்பட்ட காரியாலயமோ மேற்கே நாந்த் நகரில் இருக்கிறது. ஆள் ஓர் ஊரில், பெயர் ஓர் ஊரில், காயம் ஓர் ஊரில் என்று ஆயிற்று.

பெயர் என்று சொன்னேன். புதுவைத் தமிழனுக்கு அதுவே பெரிய யுத்தம்.

கோவிந்தசாமி மகன் முத்துசாமி என்று ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கப்படி அவர் கோ. முத்துசாமி. பிரெஞ்சுப் படிவத்திலோ குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்கள். குடும்பப் பெயர் நமக்கு ஏது? ஒரு குமாஸ்தா தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார். இன்னொருவர் முத்து என்பதை ஒரு கட்டத்திலும் சாமி என்பதை மற்றதிலும் போட்டு வேலையை முடித்துவிடுவார். எழுத்துக் கூட்டுவதிலும் தகராறு. 'மு' என்று எழுத ஆங்கிலம் படித்தவருக்கு எம், யூ என்ற இரண்டு எழுத்துப் போதும். பிரெஞ்சுக்காரர் எம், ஓ, யூ என்று மூன்று போட்டால்தான் அந்த ஒலி வரும். புதுவை இந்தியாவோடு இணைந்த பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டு ஊருக்குள் வந்தது. படைத் தாளில் ஒரு முத்துசாமி, ரேஷன் கார்டில் வேறொரு முத்துசாமி. இருவரும் ஒருவரே என்று இருவரில் எவர் நிரூபிப்பது?

இதை முன்பே உணர்ந்து பெயரை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. 1873-ல் மேல்நாட்டுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்ட வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பாரிஸ் வரைக்கும் வழக்காடி வென்றவர். 1881 செப்டம்பர் 21-ம் தேதி உத்தரவு, விரும்பியவர்கள் தங்கள் ஜாதி ஆசார வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. பொன்னுத்தம்பி அப்படித் துறந்து லா போர்த் ஆனார். கதவு என்பது அதன் பொருள். உண்மையில் அது கதவாகவே இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் கிறிஸ்தவர்களும் அதன் வழியே நுழைந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். சைகோனிலும் பிற குடியேற்ற நாடுகளிலும் உத்தியோகமும் படைவேலையும் பார்த்தார்கள். காகிதத்தில் இவர்களுக்குத் தொல்லை குறைவு. கல்யாணத்தை நகரசபைப் பதிவேட்டில் ஏற்றாமல் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட சொல்தாவின் மனைவிக்குத்தான் ஆபத்து. புருஷன் இறந்ததும், தான் அவருக்கு மனைவிதான் என்று அவள் நிரூபித்தாக வேண்டும்.

இனி, காகிதத்தில் உள்ள ஒரே ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று பார்ப்போம். 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி புதுவையில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதே நவம்பர் 1-ம் தேதி அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டது. கொடி இறங்கிய ஊரின் பிள்ளைகள் சிலர், அந்தக் கொடிக்காக அங்கே போய்ப் போராடவும் நேர்ந்தது.

ஆனால் பிரான்சின் ஏடுகளில் அங்கே யுத்தமே நடக்கவில்லை! வட ஆப்பிரிக்காவில் நடந்த 'நடவடிக்கை' என்றே எழுதினார்கள். அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி. சொந்த நாட்டுக்குள் யுத்தம் எப்படி வரும் என்பது வாதம். யுத்தம் இல்லையென்றால் போர்வீரன் ஏது? அங்கே சேவை செய்தவர்களுக்குப் 'போராளி அட்டை' பெறும் உரிமை 1974 டிசம்பரில்தான் சட்டமாயிற்று. அது அல்ஜீரிய யுத்தம் என்று சட்ட வாசகத்தில் ஏற 1999 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால் போனவன் நாற்பது ஆண்டுகளாகச் சுமந்தது யுத்தத்தின் காயத்தையா, நடவடிக்கையின் காயத்தையா?

இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-ம் தேதி கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-ம் தேதிதான் முழுச் சட்ட வலிமை பெற்றது. புதுவையில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிகள். பிரெஞ்சுக் குடியாக நீடிக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கோ பிரெஞ்சுக் குடியுரிமை தானே நீடித்தது. அண்ணனும் தம்பியும் ஒரே படையில் இருந்திருக்கலாம். அன்றைக்கு யார் எங்கே குடியிருந்தார் என்பதைப் பொறுத்து இருவரும் இரு தேசத்தார்.

தேசம் மாறினால் காயத்தின் விலையும் மாறுமா? மாறும் என்றது 1959 டிசம்பரில் பிரான்ஸ் செய்த சட்டம். பிரான்சின் ஆட்சியிலிருந்து பிரிந்த நாடுகளின் வீரர்களுக்குப் பென்ஷனை அப்படியே உறையவைத்தார்கள். விலைவாசி ஏறும், பிரெஞ்சுக்காரனின் பென்ஷன் ஏறும், செனகல் நாட்டானின் பென்ஷன் நின்ற இடத்தில் நிற்கும். செனகல் வீரர்கள் 743 பேர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். பென்ஷன் கொடுப்பது பண்டு செய்த சேவைக்காக. பின்னால் மாறிய தேசியம் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று 1989-ல் குழு சொல்லிற்று. 2001-ல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் தியோப் வழக்கில் அதே பக்கம் தீர்ப்பளித்தது. அப்போதும் கஜானா முழுக்கத் திறக்கவில்லை. 2006-ல் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி ஒரு சினிமா வந்தது. அதைப் பார்த்த ஜனாதிபதி சிராக் மனம் நெகிழ்ந்து சில பென்ஷன்களைச் சமமாக்க முன்வந்தார். சட்டமும் தீர்ப்பும் செய்யாததைக் கதை செய்தது கண்டு கதை எழுதுகிறவன் சந்தோஷப்படலாம். குடிமகன் என்ற முறையில் வெட்கப்படவும் வேண்டும். 2010 மே மாதம் அரசியல் சட்டச் சபை பாகுபாட்டை ரத்துச் செய்ய, 2011 முதல் சமநிலை வந்தது. அரை நூற்றாண்டு! காத்திருந்தவர்களில் எத்தனை பேரை அதற்குள் மண் தின்றதோ!

இறந்தவர்களின் ஏட்டைக்கூடத் திருத்த முடியும். ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்டு, சம்பளப் பாக்கி கேட்ட ஆப்பிரிக்க வீரர்களை, செனகலில் தியாருவா முகாமில் 1944 டிசம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு இராணுவமே சுட்டது. பிழைத்தவர்களில் 34 பேருக்குக் கலகக்காரர்கள் என்று தண்டனையும் விதித்தது. மாண்டவர்களில் ஆறு பேரின் பெயருக்கு நேரே, 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்' என்று 2024-ல் எழுதினார்கள். 1915-ல் ஏற்பட்ட அந்தச் சொற்கள் இவர்களிடம் வந்துசேர எண்பது ஆண்டுகள் பிடித்தன.

காயத்தைக் கணக்கெடுப்பது நமக்குப் புதிதன்று. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண் என்று இனம் பிரித்தவர்கள் நாம். மாண்டவனுக்கு நடுகல் நாட்டி, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்று வெட்டிவைத்தோம். செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவைத்த ஊர் அது.

ஒரு முதியவர் தம் சேவைக் குறிப்பைத் திருத்தச் சொல்லி மனு எழுதும்போது, பணத்துக்காக அலைகிறார் என்று சிலர் நினைக்கலாம். பணமும் வேண்டியதுதான், மருந்துக்கும் அரிசிக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனாலும் அவர் கேட்பது அதற்கும் முந்தியது. நான் அங்கே இருந்தேன், என் இரத்தம் அங்கே விழுந்தது, என் பெயர் இன்னது என்று தம் காலத்துக்குப் பிறகும் சொல்ல ஒரு கல் கேட்கிறார். கடற்கரைச் சிப்பாய் தலை கவிழ்ந்து நிற்பது மாண்டவர்களுக்காக. காயத்தோடு வீடு திரும்பியவர்களுக்குச் சிலை இல்லை. அந்த ஒரு தாள்தான் அவர்களுடைய நடுகல். அதில் பெயரையாவது சரியாக எழுதவேண்டாமா?