மாத்திரை முதலில், கேள்வி பிறகு

வெயிட் குறைக்கிற மாத்திரையை டெஸ்ட் பண்ணாமலா விப்பாங்க? நானும் அப்படித்தான் நினைத்தேன், அமெரிக்காவின் எபிட்ரா வழக்கைப் படிக்கும்வரை.

எபிட்ரா, சீன வைத்தியத்தில் மூச்சுத் தொல்லைக்குக் கொடுத்த செடி. அதிலிருக்கும் எபிட்ரின் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். 1990-களில் அதையே எடை குறைக்க விற்றார்கள். 1994-ல் வந்த சட்டப்படி, சப்ளிமென்ட் விற்க அரசின் ஒப்புதல் வேண்டாம். ஆபத்து என்றால் அரசுதான் நிரூபிக்கணும்.

2003 பிப்ரவரி. ஃப்ளோரிடாவில் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியில் சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்தார். காரணம் வெப்பத்தாக்கு. எபிட்ராவுக்கும் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்.

2004 ஏப்ரலில் தடை வந்தது. கம்பெனி ஒன்று கோர்ட்டுக்குப் போனது. குறைந்த அளவும் ஆபத்து என்று அரசு நிரூபிக்கவில்லை என 2005-ல் யூட்டா நீதிபதி சொல்லிட்டார். 2006-ல் மேல்முறையீட்டில்தான் தடை நிலைத்தது.

எபிட்ரா போச்சு. 1994 சட்டத்தின் அடிப்படை மட்டும் மாறலை. அங்கே புது டப்பாவைத் திறப்பவர்தான் இன்னமும் முதல் டெஸ்ட். அதைத்தான் என்னால் மறக்க முடியலை.