கட்டளை வரியும் டைப் எரரும்

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், கணிப்பொறியோடு உரையாட அவர்களுக்கு வாய்த்த சாதனம் டெலிடைப் இயந்திரமே. அதில் கட்டளையின் பெயரைத் தட்டி, இடைவெளி விட்டு அடுத்தடுத்து எழுதும் சொற்களெல்லாம் ஆர்க்யுமென்ட்டுகளாகப் புரோகிராமைச் சென்றடையும் என்பதும், எண்ணைப் போலத் தோன்றினும் அவை யாவும் எழுத்துச் சரங்களே என்பதும், அவ்வியங்குதளத்தின் ஸ்திரமான சம்பிரதாயங்களாயின.

எழுத்தை எண்ணாக மாற்றும் பொறுப்பு இதனால் புரோகிராம் எழுதுபவனைச் சார்ந்தது. ரிச்சி இயற்றிய சி பாஷையில் அதற்கென வழங்கிய 'ஏடோஐ' என்னும் சாதாரணப் பிரயோகம், எண்ணே இல்லாத சொல்லைக் கொடுத்தாலும் யாதொரு ஆட்சேபமுமின்றிப் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. பிழை நேர்ந்ததென்பதை அறிய வழியேயில்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் பணியாற்றிய கைடோ வான் ராஸம் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் பாஷை, 'சிஸ்.ஆர்க்வி' என்னும் பட்டியலின் வாயிலாக அந்த யூனிக்ஸ் மரபையே சுவீகரித்தது. ஆயினும், '5' என்னும் சரத்தோடு 3 என்னும் எண்ணைக் கூட்ட முயன்றால், விடையை ஊகித்துத் தராமல், டைப் எரர், அதாவது இனப் பிழை, என்று அறிவித்து அது நின்றுவிடும். ஒப்பிடுவதில் மட்டும் இந்தக் கண்டிப்பு நெடுங்காலம் இல்லை: பைத்தான் 2இல் '3' என்னும் சரம் 100 என்னும் எண்ணைவிடப் பெரிதென்றே விடை வரும்! 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 அந்த ஒப்பீட்டையும் டைப் எரராக்கி அக்குறையை நிவர்த்தி செய்தது.

கட்டளை வரியில் வந்த சொற்களை வாசலிலேயே பரிசோதிக்கும் முறையும் படிப்படியாகவே விருத்தியடைந்தது. சி உலகிலிருந்து வந்த கெட்ஆப்ட் என்னும் கருவி சரங்களைப் பிரித்துக் கொடுத்ததேயன்றி அவற்றின் இனத்தை ஆராயவில்லை. 2003இல் வந்த ஆப்ட்பார்ஸ் ஆப்ஷன் எனப்படும் விருப்பக் குறிகளுக்கு மட்டும் இனத்தை ஆராயும் வசதியை அளித்தது. 2010இல் பைத்தான் 2.7உடன் சேர்ந்த ஆர்க்பார்ஸோ, எல்லா ஆர்க்யுமென்ட்டுகளுக்கும் இன்ன இனமென்று விதிக்கவும், விதிக்கு மாறாக எழுதியவருக்குச் சரியான உபயோக முறையைக் காட்டி நிறுத்தவும் வகை செய்தது.

மௌனமாகத் தவறான விடையைத் தரும் புரோகிராமைவிட, உரக்கச் சொல்லி நின்றுவிடும் புரோகிராமே உத்தமமானது. ஆகவே டைப் எரரைக் கண்டு சலிப்புறாமல், அதன் கடைசி வரியைப் பொறுமையோடு வாசித்து, ஆர்க்யுமென்ட்டை உள்ளே ஏற்கும்போதே உரிய இனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இளைஞர்கள் ஆரம்பத்திலிருந்தே கைக்கொள்வார்களாக.