கிண்ணத்தில் வளர்ந்த வாய்ச்சவ்வு

கன்னத்தின் உட்புறத்தை நாவால் தடவிப் பாருங்கள். எப்போதும் ஈரமாயிருக்கும் அந்த மெல்லிய சவ்வு வெளித்தோலைப்போல் காய்ந்து தடிப்பதில்லை. காப்பியின் சூடு பட்டுப் புண்ணானாலும் விரைவில் ஆறிவிடுகிறது. அதில் ஒரு துணுக்கை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்து, ஒளியிழந்த கண்ணின்மேல் போர்த்தியிருக்கிறார்கள் என்றால் நேயர்கள் வியப்படையலாம். அந்நிலைக்கு விஞ்ஞானம் வந்த வழி நேரானதன்று.

1907-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஹாரிசன் என்பார், தவளைக் கருவின் நரம்புத் திசுவில் சிறு துண்டை நிணநீர்த் துளியொன்றில் இட்டு நுண்ணோக்கியால் கண்டார். உயிரணுவிலிருந்து நரம்பிழை முளைத்து நீள்வது அவர் கண்முன்னே நிகழ்ந்தது. உடலுக்கு வெளியேயும் உயிரணு வாழும், வளரும் என்பது தெளிவாயிற்று.

1912-இல் நியூயார்க்கில் அலெக்சிஸ் காரெல் கோழிக் கருவின் இதயத் திசுவை வளர்க்கத் தொடங்கினார். 1944-இல் அவர் மறைந்த பின்னும் அது 1946 வரை பேணப்பட்டது. உயிரணுவுக்கு இயல்பில் சாவே இல்லை என்று பலர் நம்பினர். 1961-இல் பிலடெல்பியாவில் ஹேஃப்ளிக், மூர்ஹெட் இருவரும் அந்நம்பிக்கையைக் கலைத்தனர். மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்று அவர்கள் காட்டினர். காரெலின் கிண்ணத்தில் உணவாக ஊற்றிய கருச்சாற்றோடு புதிய உயிரணுக்களும் சேர்ந்திருக்கலாம் என்பது பிற்காலத்தார் ஐயம். நோபல் பரிசு பெற்றவரின் கிண்ணத்தை எட்டிப் பார்க்கப் பிறர் கூசினர் போலும்!

தோலையும் வாயையும் மூடிநிற்கும் மேற்பரப்பு உயிரணுக்கள் எளிதில் வளரவில்லை. இணைப்புத் திசுவின் உயிரணுக்கள் களைபோல் மண்டி அவற்றை நெருக்கின. 1975-இல் ஹவார்டு கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் ஆகியோர் ஒரு வழி கண்டனர். கதிர்வீச்சால் பெருகும் ஆற்றலை இழந்த சுண்டெலி உயிரணுக்களைப் பாய்போல் பரப்பி, அதன்மேல் மனிதத் தோலணுக்களை விதைத்தனர். தோலணுக்கள் அடுக்கடுக்காய்ப் பெருகின.

ஆனால் அவ்வாறு வளர்ந்தது பழைய தோல்தானா? இங்கே 'மரபணு வெளிப்பாடு' என்னும் தொடரை விளக்க வேண்டும். கலைப் பட்டதாரியாகிய நான் மொழிபெயர்ப்புப் பணியில் இத்தொடரை முதலில் கண்டபோது சற்றே திகைத்தேன்; பிறகு அலுவலகமே எனக்கு விளக்கம் தந்தது. உட்கரு உள்ள உயிரணு ஒவ்வொன்றிலும் உடல் முழுவதற்கும் வேண்டிய மரபணுக்கள் கோப்புகளாக அடுக்கப்பட்டுள்ளன. எனினும் அந்தந்தப் பிரிவு தனக்கு வேண்டிய கோப்புகளையே திறந்து, நகலெடுத்து, அதன்படி புரதங்களை ஆக்குகிறது. எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்பதைக் கெராட்டின் என்னும் புரத வகைகள் காட்டிக் கொடுக்கும். தடித்த வெளித்தோலில் 1, 10 எனும் எண்ணுடையவை. கன்னச் சவ்வில் 4, 13. கண்ணின் முன்புறத்துக் கார்னியாவில் 3, 12.

கிண்ணத்தில் இட்ட தோலணுக்களோ 1, 10 இரண்டையும் குறைத்துக்கொண்டு, காயம் ஆறும்போது தோன்றும் 6, 16 ஆகியவற்றை ஆக்கத் தொடங்கின. ஊர் மாறினால் பேச்சும் மாறுவதைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் நம் பிள்ளைகளிடமே காண்கிறோம் அல்லவா?

1986-இல் துங்-தியென் சுன் குழுவினர் முயலின் கண்ணை ஆராய்ந்தனர். கார்னியா முழுவதிலும் காணும் 3-ஆம் கெராட்டின், அதன் விளிம்பின் அடியடுக்கில் மட்டும் இல்லை. இன்னும் முதிராத மூல உயிரணுக்கள் அங்கேதான் உறைகின்றன என்று அவர்கள் முடிவு கண்டனர். சுண்ணாம்போ அமிலமோ தெறித்து அவ்விளிம்பு கருகினால் கார்னியா தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. ஒரு கண் மட்டும் கெட்டால் மறு கண்ணிலிருந்து எடுக்கலாம். இரு கண்களும் கெட்டால்?

கியோத்தோ நகரின் நகாமுரா, கினோஷிதா முதலியோர் முயலின் வாய்ச்சவ்வை நாடினர். அதன் உயிரணுக்களைப் பனிக்குடச் சவ்வின்மேல் வளர்த்தபோது, 4, 13 ஆகியவற்றுடன் கார்னியாவுக்குரிய 3-ஆம் கெராட்டினும் தென்பட்டது. 2003-இல் இம்முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டு ஒசாகாவின் நிஷிதா, தோக்கியோவின் ஒகானோவுடன் சேர்ந்து 4 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டார். வாயிலிருந்து எடுத்தது 3 மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு. வளர்ந்த காலம் 2 வாரம். கிண்ணத்தைக் குளிர்வித்ததும் படலம் கிழியாமல் தானே கழன்று வந்தது, தையலும் தேவைப்படவில்லை. நால்வருக்கும் பார்வை மேம்பட்டது.

2021-இல் ஜப்பான் அரசு இவ்வகைச் சவ்வைச் சிகிச்சைக்கு ஏற்றது. ஆனால் கார்னியாவுக்கே உரிய 12-ஆம் கெராட்டின் இச்சவ்வில் காணப்படவில்லை. கார்னியாவில் இருக்கலாகாத இரத்த நுண்குழாய்களும் போர்த்திய சவ்வின் ஓரங்களில் பல நோயாளிகளுக்குத் தோன்றுகின்றன. அந்த ஒரு கோப்பைத் திறக்கும் வகையை ஆராய்ச்சியாளர் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.