விஸ்டா: திருடப்படும் கணினிக்கு ஒரு பூட்டு

2006 மே மாதம், அமெரிக்காவின் முன்னாள் படையினர் நலத்துறை ஊழியர் ஒருவரது வீட்டிலிருந்து மடிக்கணினி ஒன்றும் வெளிவன்தட்டு ஒன்றும் திருடு போயின. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் விபரங்கள் மறையாக்கம் செய்யப்படாமல் அவற்றில் இருந்தன. பொருட்கள் அடுத்த மாதமே மீட்கப்பட்டன.

அதே ஆண்டு நவம்பர் 30 ஆம் தேதி வர்த்தக நிறுவனங்களுக்கு வெளியான மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தில், இத்தகைய திருட்டுகளுக்கு எதிரான பிட்லாக்கர் என்ற வசதி இடம்பெற்றது. விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள வன்தட்டுப் பகுதி முழுவதையும் அது மறையாக்கம் செய்தது. அதற்கான திறவுகோலைக் கணினியிலுள்ள டிபிஎம் என்னும் சில்லு காத்தது. ஆகவே வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினாலும் தகவல்களைப் படிக்க இயலாது.

ஆனால் எண்டர்பிரைஸ், அல்டிமேட் ஆகிய பதிப்புகளுக்கே இது கிடைத்தது. 'பிசினஸ்' என்று பெயரிடப்பட்ட பதிப்பிலேயே இது இல்லாதது விசித்திரந்தான். எண்டர்பிரைஸ் பதிப்பு மொத்த உரிம ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனங்களுக்கு உரியது. சிறு அலுவலகங்கள் விலை கூடிய அல்டிமேட் பதிப்பையே நாட வேண்டியிருந்தது. வெளிவன்தட்டுகளுக்கோ 2009 இல் விண்டோஸ் 7 வந்த பின்னரே பிட்லாக்கர் பாதுகாப்புக் கிட்டியது.

நிர்வாகி அதிகாரம் தேவைப்படும் மாற்றங்களுக்கு விஸ்டா ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டது. பயனாளர் பலர் இதனால் சலிப்படைந்தனர்.

கணினிகளில் நிறுவும் பணி எளிதானது. முன்பு வன்பொருள் வகைக்கொரு நிறுவல் பிரதியைத் தொழில்நுட்பப் பிரிவினர் பேண வேண்டியிருந்தது. விஸ்டாவின் விம் கோப்பு முறையில், வெவ்வேறு வகைக் கணினிகளுக்கும் ஒரே பிரதியைப் பயன்படுத்த முடிந்தது.

விஸ்டாவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஏப்ரல் 11 அன்று நிறுத்தியது. பிட்லாக்கரும் விம் கோப்பும் விண்டோஸ் 11 வரை தொடர்கின்றன.